ழ வந்ததும் பேசலாம்

லீலாவதிக்கு ழகரம் வந்தது பத்தொன்பதாவது வயதில். அதுவரை அவள் குடும்பத்தில் யாருக்கும் அது வந்ததில்லை. வரவில்லையே என்று யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பட்டுத் தறிக்காரர் வீடு அது. அப்பா பாண்டுரங்கன் பொழுது முழுக்கத் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர். அந்தத் தெருவில் மழை மயையாகப் பெய்தது, கிழவிகள் கெயவிகளாக வாழ்ந்தார்கள், எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் வம்பு வந்தது. மாதிரிப் பாடம் எடுக்கும் நாள். லீலாவதி அட்டையில் வாழைப்பழப் படம் ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். நாற்பது பெண்கள் முன்னால் நின்று, படத்தை உயர்த்திக் காட்டி, "இது வாயப்பயம்" என்றாள். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பயமா? யாரைப் பார்த்து?" என்று கேட்டார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர்களில் முப்பது பேர் வீட்டிலும் அது வாயப்பயம்தான் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து மூன்று மாதம் லீலாவதி நாக்கை மடித்து மடித்துப் பழகினாள். தறி ஓடும்போது அப்பாவுக்குப் பின்னால் நின்று பழகுவாள், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று. ஒருநாள் பாண்டுரங்கன் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பல்லு வலியா? ஒரு கிராம்ப எடுத்து வெச்சிக்க."

"இல்ல நைனா, படிக்கிறேன்" என்றாள் லீலாவதி.

கடைசியில் ழகரம் வந்துவிட்டது. வந்ததை அவள் விடவில்லை. புது வளையல் போட்டவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதுபோல, ழகரம் உள்ள சொல்லாகத் தேடிப் பேசினாள். வீட்டில்கூட "மழை" என்பாள். அப்பா அதை நிமிர்ந்து கேட்டுவிட்டுத் தறிக்குத் திரும்பிவிடுவார்.

வேலை கிடைத்தது எழுபத்தைந்தில். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மானாம்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப்பாதையும் வரப்புமாக இரண்டு மைல் நடக்க வேண்டும். ஊர்ப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டே அறை. முதல் அறையில் தலைமையாசிரியர் தாமோதரன் ஒன்று முதல் மூன்று வரை பார்த்துக்கொண்டார். இரண்டாவது அறையில் லீலாவதிக்கு நான்கும் ஐந்தும். தரையில் உட்காரும் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர்.

வந்த முதல் வருஷமே லீலாவதி ஒரு ஏற்பாடு செய்தாள். திங்கட்கிழமை காலையில் பலகையில் ஆறு சொல் எழுதுவாள்: பழம், மழை, ஏழு, கிழமை, உழவு, வாழை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து படிக்க வேண்டும். ஆறையும் சரியாகச் சொன்னவர்களுக்கு அந்த வாரம் முழுக்க முன்வரிசை, கரும்பலகைக்குப் பக்கத்தில். அரைகுறையாக வந்தவர்கள் நடுவில். வராதவர்கள் பின்னால். சாதி பார்க்கவில்லை, யார் வீட்டில் எத்தனை ஜோடி மாடு என்று பார்க்கவில்லை, நாக்கு ஒன்றைத்தான் பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். இதைவிட நியாயமான ஏற்பாடு எங்கேயாவது உண்டா என்று அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. தாமோதரன் சாரும் "பலே ஏற்பாடும்மா" என்றார்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தான் பட்ட அவமானம் இந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு வரக் கூடாது என்றுதான் அவள் அதைச் செய்தாள். நல்ல எண்ணத்தோடு செய்கிற தப்பைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

எழுபத்தேழில் சிட்டம்மாள் நான்காம் வகுப்புக்கு வந்தாள். ஏரிக்கரையை ஒட்டிய காலனிப் பெண். அப்பா சடையப்பன் ஏரிக்குக் கீழே அரைக்காணி நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். அம்மா சொக்கம்மாள் ஊரார் வயலில் நடவுக்கும் களைக்கும் போகிறவள். ஒல்லியான பெண், எண்ணெய் காணாத தலை, எதைக் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருப்பதுபோல் முன்னால் சாய்ந்து உட்காருவாள். வந்த இரண்டாவது வாரம் மனக்கணக்கு நடந்தது.

"இருபத்தெட்டு கட்டு நாற்று. நாலு பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எத்தனை?"

முன்வரிசை விரல் மடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏயு, டீச்சர்."

"என்ன?"

"ஏயு."

"ஏயு என்று ஒரு எண் தமிழில் கிடையாது. ஏழு. எங்கே, சொல்லு."

"ஏயு."

லீலாவதி விடவில்லை. பத்துத் தடவை சொல்லவைத்தாள். பத்தும் ஏயுவாகத்தான் வந்தது. ஐந்தாவது தடவையில் முன்வரிசை சிரித்தது, எட்டாவதில் அறையே சிரித்தது. கணக்குக்கு விடை சரி என்று சொல்ல லீலாவதி மறந்துபோனாள். "சரி, உட்கார். ழ வந்ததும் சொல்லு, பேசலாம்" என்று முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். அன்று மத்தியானத்திலிருந்து பிள்ளைகள் சிட்டம்மாளை "ஏயு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் சிட்டம்மாள் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். எழுத்துத் தேர்வில் நடுத்தரமாக வாங்குவாள், கையெழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும். வாய்மொழித் தேர்வில் வாசிப்புக்கும் பூஜ்யம், மனக்கணக்குக்கும் பூஜ்யம். லீலாவதி ஒன்றிரண்டு முறை அதட்டிப் பார்த்தாள், பிறகு மந்தமான பெண் என்று முடிவு கட்டினாள். நாற்பத்து மூன்று பேரில் பேசாத பிள்ளை தொல்லை கொடுக்காத பிள்ளை. அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிப்போயிற்று.

எழுபத்தொன்பதில் பொங்கல் கழிந்த மறுவாரம் சொக்கம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், காலில் சேறு காய்ந்திருந்தது.

"டீச்சரம்மா, சிட்டு பேர அடிச்சிடுங்க. நவரை நடவு கீது. அது வந்தா ஒரு கை ஆவும்."

"அஞ்சாவது படிக்கிற பெண்ணை எப்படிம்மா நிறுத்துறது? இன்னும் மூணு மாசத்துல முழுப் பரீட்சை."

"பாஸாவ மாட்டேன்னு அதே சொல்லுதே. வாய்ப் பரீட்சைல சைபராம். அப்பால எதுக்கு வீணா இங்க குந்திக்கினு இருக்கணும்?"

லீலாவதிக்குச் சுருக்கென்றது. "வாயைத் திறந்தாத்தானே மார்க் போட முடியும்? ஒன்றரை வருஷமா ஒரு வார்த்தை பேசலைங்க. வீட்டுலயும் இப்படித்தானா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

சொக்கம்மாள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "யாரு, சிட்டா? அது வாய மூடினாதான் எங்களுக்குத் தூக்கமே. எந்த வயலுக்கு எத்தினி கட்டு நாத்து வேணும், எத்தினி ஆளு வேணும்னு நின்ன வாக்குலயே சொல்லும். அவங்கப்பனே அதக் கேட்டுக்கினுதான் கௌம்புவாரு."

"அப்போ இங்கே ஏன் பேசறதில்லை?"

"நீங்கதான பேசக் கூடாதுன்னு சொல்லிக்கீறீங்க." சொக்கம்மாள் குரலில் கோபம் எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்தில் செருப்பு போடக் கூடாது என்பதுபோல இதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள். "அந்த நாக்க மடிக்கிற எய்த்து வந்தவங்கதான் பேசணும்னு இஸ்கூல்ல ரூலாமே. தெனம் ஏரிக்கரைல எருமைய ஓட்டிக்கினு போயி சொல்லிச் சொல்லிப் பாக்குது. இன்னும் வரலியாம். வந்ததும் பேசறேன்னு கீது."

தான் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையை அந்தப் பெண் சட்டமாக எடுத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் கட்டிக் காத்திருக்கிறாள். அந்தச் சட்டத்தைப் போட்டவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

"முழுப் பரீட்சை வரைக்கும் விடுங்கம்மா" என்று கெஞ்சினாள் லீலாவதி. "மூணே மாசம்."

சொக்கம்மாள் யோசித்தாள். "பாஸாச்சின்னா உத்திரமேரூர்ல ஆறாவது போவட்டும். ஆவலன்னா அதுக்கு மேல என்னிய பேஜார் பண்ணக் கூடாது. களை எடுக்க வந்துடணும்" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் லீலாவதி பாடக்குறிப்பு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, முன்வரிசைப் பெயர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். ஒன்பது பேர். ஒன்பதும் பெரிய தெரு. வீட்டில் ரேடியோ இருக்கிற, பேப்பர் படிக்கிற ஆள் இருக்கிற வீடுகள். நடுவில் ஏரிக்கரைத் தெரு. கடைசிச் சுவரோரம் காலனிப் பிள்ளைகள், சிட்டம்மாளோடு சேர்த்து. பஸ் குலுங்கியது, அவள் மறுபடி ஒருமுறை எண்ணினாள். மாற்றமே இல்லை. ஊர் எந்த வரிசையில் ஆளை நிறுத்திவைத்திருந்ததோ, அதே வரிசையில் அவளும் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தாள். சாதி பார்க்கவில்லை, சொத்து பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயிற்சிப் பள்ளி அம்மாள் அன்று கழற்றிய மூக்குக்கண்ணாடியைத் தான் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரம்மா, "கண்ணுல தூசியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் லீலாவதி.

பாடக்குறிப்பு நோட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு' என்று போட்டுக் காலியாக இருக்கும். எல்லா ஆசிரியர்களும் அதில் 'நன்று' என்று எழுதி வைப்பார்கள். லீலாவதி அடுத்த வாரத்திலிருந்து அதில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். இன்றைக்கு நான் யாரைக் கேள்வி கேட்டேன், பேருக்கு ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமை தாமோதரன் சார் கையெழுத்துப் போட நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மார்கழி முடிஞ்சும் கோலமா?" என்று கேட்டார்.

"நான் யாரை எல்லாம் கூப்பிட்டேன்னு பார்க்கிறேன் சார். ஒரு வாரத்துல ஒன்பது பேரையே திருப்பித் திருப்பிக் கூப்பிட்டிருக்கேன். பதினேழு பேருக்கு ஒரு புள்ளிகூட இல்ல."

தாமோதரன் சார் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அவருடைய நோட்டிலும் புள்ளிகள் இருந்தன. லீலாவதி அந்த ஊரில் மொத்தம் பதின்மூன்று வருஷம் இருந்தாள். அந்தப் பழக்கத்தை ஒருநாளும் விடவில்லை. பழைய நோட்டுகளைப் புரட்டினால் புள்ளிகள்தான் அதிகம், பாடம் குறைவு.

திங்கட்கிழமைச் சொல் சோதனை நின்றது. அறையின் பின்சுவரில் காரை பெயர்ந்த பழைய கரும்பலகை ஒன்று சும்மா கிடந்தது. அதைத் துடைத்துக் கரி பூசினாள். காலையில் முன்பலகையில் பாடம், மத்தியானம் எல்லாரும் அப்படியே திரும்பி உட்கார வேண்டும், பின்பலகையில் பாடம். காலையில் கடைசியாக இருந்தவன் மத்தியானம் முதலாவது. எழுந்து இடம் மாறக்கூட வேண்டாம், முதுகைத் திருப்பினால் போதும். சின்ன வேலைதான். மூன்றரை வருஷமாக அது ஏன் தோன்றவில்லை என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் சிட்டம்மாள் பேசவில்லை. லீலாவதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன். ழ வரலைன்னாலும் பேசலாம்" என்று சொன்னாள். சிட்டம்மாள் தலையை ஆட்டிவிட்டுச் சிலேட்டை எடுத்தாள். 'இன்னும் ழ வரவில்லை டீச்சர்' என்று எழுதிக் காட்டினாள். அந்த ழ சிலேட்டில் சுழித்து வளைந்து, அச்சடித்ததுபோல் அழகாக இருந்தது. லீலாவதிக்கு அழுகை வந்தது. டீச்சர் தன் மேல் இரக்கப்பட்டுச் சலுகை தருகிறாள் என்று பெண் நினைக்கிறாள். பத்து வயதில் அவளுக்கு அந்த ரோஷம் இருந்தது.

சலுகை கொடுத்துப் பயனில்லை என்று லீலாவதிக்குப் புரிந்தது. சட்டத்தைப் போட்டவளே அதை எல்லார் முன்னாலும் உடைக்க வேண்டும். அதற்கு அவளுக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. டீச்சர் என்ற மரியாதை போய்விட்டால் நாற்பத்து மூன்று பேரை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று பயம்.

பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம், எல்லாரும் பின்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்ததும், அவளும் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் டீச்சர் தரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கதை சொல்வதுபோல ஆரம்பித்தாள். "எங்க வூடு காஞ்சிபுரத்துல கீது. எங்க நைனா தறி நெய்யறாரு. எங்க வூட்ல வாழைப்பழத்துக்கு இன்னா பேரு தெரியுமா? வாயப்பயம்."

டீச்சர் வாயிலிருந்து 'கீது' வந்ததை அவர்களால் நம்ப முடியவில்லை. அவள் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னாள். அட்டைப் படம், மூக்குக்கண்ணாடி, "யாரைப் பார்த்துப் பயம்", நாற்பது பேர் சிரிப்பு, வீட்டில் போய் அழுதது. "பல்லு வலியா, கிராம்பு வெச்சிக்க" என்று நைனா சொன்ன இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்கு எவ்ளோ வலிச்சுதுன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அதையே இங்க ஒருத்திக்குப் பண்ணிட்டேன். அவ கணக்கு சரியா போட்டிருந்தா. சரின்னு நான் சொல்லவே இல்ல. இப்ப சொல்றேன், அது சரி." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சிட்டம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்பலகையில் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். ஒரு பக்கம் 'வீட்டுச் சொல்', மறுபக்கம் 'புத்தகச் சொல்'. இரண்டும் நம்முடையதுதான், இரண்டும் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்றாள். பிள்ளைகள் தினமும் வீட்டிலிருந்து சொல் கொண்டுவர வேண்டும். வூடு, வீடு. கீது, இருக்கிறது. மய, மழை. முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய தெருப் பிள்ளைகளுக்கு ஏரியையும் வயலையும் பற்றிய சொல் பாதி தெரியவில்லை. பின்வரிசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு சொன்னார்கள். புத்தகச் சொல்லைக் கேட்டால் முன்வரிசை உதவிக்கு வந்தது. நோட்டில் புள்ளிகள் நாலா பக்கமும் சிதற ஆரம்பித்தன. சிட்டம்மாள் பெயருக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாகவே இருந்தது.

இதற்கு நடுவில் முத்துகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். பெரிய தெருக்காரர், ஏரிப் பாசனத்தில் பெரிய கை, முன்வரிசை கோவிந்தம்மாளின் அப்பா. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போகாமல் லீலாவதியிடமே வந்தார்.

"இன்னாம்மா டீச்சர், எம் பொண்ணு மத்தியானத்துல கடைசில குந்திக்கினு கீதாமே. வூட்டுப் பேச்சு வேற கத்துக்குடுக்கறீங்களாம். வூட்டுப் பேச்சுக்கு வூட்லயே குந்திக்கினு இருக்கலாமே, எதுக்கு இஸ்கூலு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. லீலாவதி அதை ஒப்புக்கொண்டாள். "உங்க பெண் காலையில முன்னால உட்காருதுங்க. நல்லாப் படிக்குது, கெடுத்துட மாட்டேன். ஆனா நீங்க இப்ப எங்கிட்ட இந்தப் பேச்சுலதானே கேட்டீங்க? எனக்கு ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. பேச்சைப் பார்த்து உங்களை நான் பின்னால உட்காரவைக்கலையே."

முத்துகிருஷ்ணன் கொஞ்சம் திகைத்தார். மீசையைத் தடவினார். "வாய்க்காரம்மாவாத்தான் கீறீங்க" என்று சொல்லிவிட்டு, தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். கோவிந்தம்மாள் மறுநாளும் வந்தாள்.

மார்ச் மாதம் நடுவில் எண்களின் முறை வந்தது. லீலாவதி பின்பலகையில் புத்தகச் சொல் பக்கம் 'ஏழு' என்று எழுதினாள். வீட்டுச் சொல் பக்கம், பிள்ளைகளைக் கேட்காமலே, தன் வீட்டில் சொல்வதை நினைத்து 'ஏளு' என்று எழுதிவிட்டாள். பிள்ளையார்பாளையத்தில் அப்படித்தான், ஒரே வாயில் பழம் பயமாகும், ஏழு ஏளாகும். வேண்டுமென்றே தப்பாக எழுதினாள் என்று தாமோதரன் சார் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தார். இல்லவே இல்லை என்று அவள் கடைசிவரை சாதித்தாள். எனக்கு அவளை நம்பத்தான் தோன்றுகிறது.

எழுதி முடித்துத் திரும்பியபோது சிட்டம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"தப்பு டீச்சர்" என்றாள். ரொம்ப நாள் புழங்காத குரல், கரகரவென்று வந்தது. "ஏளு இல்ல. எங்கூர்ல ஏயு."

யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தம்மாள் மட்டும் மெதுவாக, "ஆமா டீச்சர், எங்க வூட்லயும் ஏயுதான்" என்றாள். அதைக் கேட்டு இன்னும் நாலைந்து குரல், "எங்க வூட்லயும்." லீலாவதி 'ஏளு'வை அழித்துவிட்டு 'ஏயு' என்று பெரிதாக எழுதினாள். அன்றைய நோட்டில் சிட்டம்மாளுக்கு வைத்த புள்ளி தாளைக் குத்திப் பின்பக்கம் தெரியும்.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு கேட்க ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முதல் நாள் தாமோதரன் சார், "அந்தப் பின்பலகைய நாளைக்கி மட்டும் அழிச்சிடும்மா. தமிழைக் கெடுக்கறோம்னு எழுதிட்டாருன்னா வம்பு" என்றார். அவர் சொன்னதும் அக்கறையில்தான். லீலாவதி துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நின்றாள். அழித்தால் என்ன, அடுத்த நாள் மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் காலையில் சிட்டம்மாள் வந்து வெறும் பலகையைப் பார்ப்பாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆய்வாளர் வயதானவர், பிளாஸ்கில் வெந்நீரோடு வந்தார். பின்பலகையை இரண்டு நிமிஷம் படித்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். சிட்டம்மாள் முறை வந்ததும் புத்தகத்தைப் பிரித்து ஒரு பத்தியைக் காட்டினார். மழைக்காலம் பற்றிய பாடம். இத்தனை பாடத்தில் அந்தப் பாடம்தானா கிடைத்தது என்று லீலாவதி சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிட்டம்மாள் நன்றாகத்தான் தொடங்கினாள். மூன்றாவது வரியில், "மய பெய்ததும்" என்று படித்துவிட்டு நின்றாள். ஆய்வாளர் நிமிர்ந்தார். இனி இந்த வாய் திறக்காது, நாற்றங்கால்தான் என்று லீலாவதி நினைத்துவிட்டாள்.

"வூட்டுச் சொல்லு வந்துடிச்சி சார்" என்றாள் சிட்டம்மாள். "திருப்பிப் படிக்கிறேன்." மறுபடி படித்தாள். இப்போது அது "மளை" என்று வந்தது.

"இன்னும் ழ வரலியேம்மா."

"வரல சார்." சிட்டம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். "ஆனா இன்னா எய்திக்கீதுன்னு எனக்குப் புரியுது. நீங்க அர்த்தம் கேளுங்க."

ஆய்வாளர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். பிறகு அர்த்தம் கேட்டார், அதற்கு மேல் கேள்வி கேட்டார், மனக்கணக்கு கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. ஒரு கணக்கில் அவரே விடையைத் தாளில் போட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. போகும்போது லீலாவதியிடம், "உச்சரிப்புக்கு அஞ்சு மார்க் குறைச்சிருக்கேன். மத்ததுல குறைக்க முடியல" என்றார்.

சிட்டம்மாள் பாஸ். சொக்கம்மாள் வாக்குத் தவறவில்லை. ஜூன் முதல் வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்க மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாமோதரன் சார் முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். "உத்திரமேரூருக்கு பஸ்ஸு சரியா வருமா இன்னா கேடோ" என்று முணுமுணுத்துக்கொண்டே சொக்கம்மாள் அதை முந்தானையில் பொதிந்துகொண்டு வாசலில் இறங்கினாள். சிட்டம்மாள் மட்டும் நின்றாள்.

"டீச்சர்."

"சொல்லும்மா."

"இன்னும் ழ வரல." கொஞ்சம் தயங்கினாள். "ஆறாவதுல பேசலாமா?"

லீலாவதி குனிந்தாள். அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றரை வருஷத்தை எடுத்துக்கொண்டதும் தான்தான், இன்றைக்கும் அவள் அனுமதி கேட்டு நிற்பது தன்னிடம்தான். சிட்டம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசு. மொத நாளே பேசு. யார்னா சிரிச்சாங்கன்னா, எங்க டீச்சருக்கும் வாயப்பயம்தான்னு சொல்லு."

சிட்டம்மாள் சிரித்தாள். ஓடிப்போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் ஏறியதுமே பேச ஆரம்பித்துவிட்டாள். எதைப் பற்றி என்று தெரியவில்லை. ஏரிக்கரை திரும்பும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. லீலாவதி வாசலில் நின்று அதைக் கேட்டதில் அன்று மானாம்பதி பஸ்ஸை விட்டுவிட்டாள்.